கொல்லாமல் விலக்கும் பூச்சு

கடல்நீரில் இறக்கிய எப்பொருளும் நெடுநாள் வெறுமையாகக் கிடப்பதில்லை. முதலில் நுண்ணுயிர்ப்படலம் படர்கிறது. பின்னர்ப் பாசியும் சிப்பியும் குழாய்ப்புழுவும் குடியேறுகின்றன. இவற்றுள் கப்பலோட்டிகள் பெரிதும் அஞ்சுவது கொட்டலசு என்னும் சிற்றுயிரியையே. கூம்பு வடிவச் சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் இது, நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினம். இதனை ஆராய்வதற்கென்றே சார்லஸ் டார்வின் எட்டு ஆண்டுகளைச் செலவிட்டார். கொட்டலசு அடர்ந்து மூடிய கப்பல், முன்பிருந்த வேகத்திலேயே செல்வதற்கு 80 விழுக்காட்டிற்கும் கூடுதலான ஆற்றல் தேவைப்படலாம் என்று போர்க்கப்பல் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட கணக்கீடு கூறுகிறது.

டேவியின் ஆய்வு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படை, தன் மரக்கப்பல்களின் அடிப்புறத்தைச் செப்புத்தகடுகளால் போர்த்தியது. செம்பின்மீது உயிரிகள் மிகுதியாக ஒட்டவில்லை. ஆனால், கடல்நீர் செம்பை அரித்தது. அரிப்பைத் தடுக்க முனைந்த வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவி, 1824இல் செப்புத்தகட்டோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். அவை தாம் கரைந்து செம்பைக் காத்தன. டேவி எண்ணியபடியே அரிப்பு நின்றது. ஆயினும், அரிப்பு நின்ற செம்பின்மீது கொட்டலசும் பாசியும் செழித்து வளர்ந்தன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாகக் கசிந்தமையால்தான் அவை அதுவரை விலகியிருந்தன.

நஞ்சின் விலை

பின்வந்த பூச்சுகளும் இவ்வழியையே பின்பற்றின. 1960களில் ட்ரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகள் பரவலாயின. பிற்காலத்தில் இவற்றின் மேம்பட்ட வகையைப் பூசிய கப்பல், ஐந்து ஆண்டுகள்வரை தூய்மையாக இருந்தது. கப்பல் உரிமையாளர்க்கு அதைவிட வசதியான பூச்சு அன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையிலுள்ள ஆர்க்கஷோன் விரிகுடா, சிப்பி வளர்ப்பிற்குப் பெயர்பெற்றது. 1970களின் பிற்பகுதியில் அங்கே இளஞ்சிப்பிகள் நிலைபெறவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளோ இயல்புக்கு மாறாகத் தடித்துத் திரிந்தன. பல தலைமுறைகளாகச் சிப்பியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் விற்பதற்குச் சரக்கின்றி நொடிந்தன. அதே விரிகுடாவில் நின்ற உல்லாசப் படகுகளின் பூச்சே காரணம் எனக் கண்டறியப்பட்டது. 25 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுகளில் அதனைப் பூசுவதற்குப் பிரான்சு 1982இல் தடைவிதித்தது. அதன்பின் சிப்பி வளர்ப்பு மீண்டது.

இங்கிலாந்துக் கரையோரத்திலோ பெண் நத்தைகளிடம் ஆண் உறுப்பு வளர்ந்தது. முட்டை வெளியேறும் வழி அடைபட்டு அவை மடிந்தன. இம்மாற்றம் தொடங்குவதற்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே போதுமானதாக இருந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் உருவாக்கிய தடை உடன்படிக்கை, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஒட்டாத பரப்பு

நஞ்சின்றி உயிரியை விலக்க வேண்டுமெனில், அது ஒட்டும் முறையை அறிதல் வேண்டும். கொட்டலசின் இறுதிநிலை இளவுயிரி எதனையும் உண்பதில்லை. இடம் தேடுவதே அதன் பணி. உணர்கொம்புகளால் பரப்பின்மீது நடந்து, தன் இனத்தார் அங்கு உளரா என்றும் ஆராய்கிறது. மனை வாங்குவோரும் இத்துணைக் கவனத்தோடு பார்ப்பார்களா என்பது ஐயமே! இடம் பிடித்துப்போனால் தலைகீழாக நின்று புரதப் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதே இடந்தான்.

சிலிக்கோன் பூச்சு இப்பசையின் பிடியைத் தளர்த்துகிறது. தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் காக்கும் டெஃப்லானையே பூசலாமே என்று தோன்றலாம். டெஃப்லானின் மேற்பரப்பு ஆற்றல் சிலிக்கோனைவிடக் குறைவுதான். எனினும், அது விறைப்பானது. சிலிக்கோனோ இரப்பரைப்போல் நெகிழ்கிறது. நெகிழும் பரப்பில் ஒட்டிய கடின ஓடு, இழுபடும்போது விளிம்பிலிருந்து எளிதில் உரிந்துவிடும். ஆதலால், கப்பல் விரைந்து செல்கையில் நீரோட்டமே உயிரிகளைக் கழற்றிவிடுகிறது.

இதற்குக் கப்பல் ஓடவேண்டும் என்பதுதான் சிக்கல். தொடக்ககாலச் சிலிக்கோன் பூச்சுகள், மணிக்கு 15 கடல்மைலுக்குமேல் செல்லும் கப்பல்களுக்கே பொருந்தின. நங்கூரச் சங்கிலி உரசினாலும் அவை கிழியும், விலையும் மிகுதி. எனவே, பெரும்பாலான கப்பல்கள் இன்றும் செம்புச் சேர்மம் கலந்த பூச்சையே நாடுகின்றன.

சுறாவின் தோலில் பாசி எளிதில் படிவதில்லை என்பதைக் கருத்திற்கொண்டு, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன் வேறொரு வழியைக் கண்டார். சிலிக்கோன் பரப்பில் சுறாத்தோல் செதில்களைப்போல 2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள வரப்புகளை அமைத்தார். ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள பாசி வித்துகள் வரப்புகளின் இடைவெளியில் அமர இடமின்றி விலகின. ஆய்வகத்தில் அவற்றின் குடியேற்றம் 80 விழுக்காட்டிற்குமேல் குறைந்தது. கொட்டலசின் இளவுயிரியோ அவ்வித்தைவிடப் பன்மடங்கு பெரியது. அதனைத் தடுப்பதற்கு வரப்புகளையும் பத்து மடங்கு பெரிதாக்க வேண்டியிருந்தது. அவ்வகல வரப்புகளுக்கிடையே பாசி வித்துகள் இடர்ப்பாடின்றி அமரும்.