இருவாய்ச்சியும் நாமக்கோழியும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யலாறு, கோவையைக் கடந்து, சூலூரின் பெரிய குளத்திற்கும் சின்னக் குளத்திற்கும் நீர் ஈந்து, கிழக்கே சென்று காவிரியோடு கலக்கின்றது. அவ்வாற்றங்கரையில் அமைந்த கொடுமணல் என்னும் பழவூரை அகழ்ந்த அறிஞர்கள், கீறல் குறியீடுகள் பொறித்த மட்கல ஓடுகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் சின்னமாய் விளங்கியமை யாவரும் அறிந்ததே. 'இஃது இன்னாருடையது' என்பதைச் சொல்லாமற் சொல்லுவதே சின்னத்தின் தொழில்.

காட்டையும் குளத்தையும் காக்கப் புறப்படும் சங்கங்களுக்கு இத்தொழில் எளிதன்று. வணிகர் தம் சரக்கின்மேல் சின்னம் பொறிக்கின்றனர். வாங்குவோர் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து மதிப்பிடலாம். இயற்கையைக் காப்போரிடமோ விற்பதற்குச் சரக்கு இல்லை. வாய் பேசா உயிர்களுக்காகப் பிறரிடம் பொருளும் உழைப்பும் வேண்டி நிற்போர் அவர்கள். ஆதலின் அவர்தம் சின்னம், எதனைக் காக்கின்றனர் என்பதை ஒரு நொடியில் உணர்த்த வேண்டும். உணர்த்துவது உண்மையாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வகையில் நம் நாட்டில் பழம்புகழ் வாய்ந்தது, 1883ஆம் ஆண்டு எண்மர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். அதன் சின்னம் பெரிய இருவாய்ச்சிப் பறவை. 1894ஆம் ஆண்டில் இவ்வினத்துக் குஞ்சு ஒன்று சங்கத்திற்கு அன்பளிப்பாக வந்தது. அதற்கு வில்லியம் என்று பெயரிட்டனர். பின்னாளில் சங்கத்தின் செயலாளராய் விளங்கிய மில்லார்டு என்பாரின் நாற்காலிக்குப் பின்னே, ஒரு கூண்டில், அது 26 ஆண்டுகள் வாழ்ந்தது. ஒருமுறை எரியும் சுருட்டை விழுங்கியும் ஊறின்றித் தப்பியதாம்! 1920ஆம் ஆண்டு அது மாண்டபோது, கம்பித் துண்டு ஒன்றை விழுங்கியதே காரணம் என்றனர் சிலர். பழகிய நண்பரைப் பிரிந்த ஏக்கமே காரணம் என்றார் அப்பறவையை நன்கறிந்த ஒருவர். அப்பறவையே சங்கத்தின் சின்னத்திற்கு முன்மாதிரியாயிற்று. சங்கத்தின் மாளிகையும் அதன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

செல்லப் பறவையைச் சின்னமாக்கியது வெறும் பாசத்தின் விளைவு எனின் அதற்கு மதிப்பு இல்லை. இருவாய்ச்சியின் வாழ்க்கையை அறிந்தவர்க்கே அத்தேர்வின் சிறப்பு விளங்கும். கோவை மாவட்டத்து ஆனைமலைக் காடுகளிலும் அது வாழ்கின்றது. முட்டையிடும் காலத்தில் பெட்டை, முதிர்ந்த பெருமரத்தின் பொந்தினுள் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு, வாயிலை அடைத்துக் கொள்ளும். உள்ளே அடைபட்ட துணைக்கும் குஞ்சுக்கும் ஆண்பறவை அப்பிளவின் வழியே பழம் ஊட்டும். ஆணுக்குத் தீங்கு நேரின் உள்ளிருக்கும் குடும்பமும் அல்லலுறும். அப்பறவை உண்டு உதிர்க்கும் விதைகளிலிருந்து அத்தி முதலிய மரங்கள் காடெங்கும் முளைக்கும். முதிய மரம் இன்றேல் இருவாய்ச்சி இல்லை. ஒரு பறவையின் படம் முழுக் காட்டையும் சுட்டி நிற்பது இவ்வாறே.

உலகெங்கும் அறிமுகமான மற்றொரு சின்னம் பாண்டாக் கரடி. 1961ஆம் ஆண்டு உலக வனவிலங்கு நிதியம் தோன்றியபோது, இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த சி-சி என்னும் பாண்டா மக்களின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. வாட்டர்சன் என்பார் வரைந்த முதற்கோலங்களைக் கொண்டு, நிதியத்தை நிறுவியோருள் ஒருவரும் ஓவியருமாகிய பீட்டர் ஸ்காட் அச்சின்னத்தை உருவாக்கினார். அழகும் அருமையும் உடைய விலங்கு என்பதோடு, கருமையும் வெண்மையும் மட்டுமே கொண்டது என்பதும் அத்தேர்வுக்குக் காரணம். ஒரே மையால் அச்சிடலாம், செலவு குறையும். சிக்கனமும் கலைக்கு ஆசிரியன் ஆகும் போலும்! சிலமுறை திருத்தம் பெற்று இன்று வழங்கும் வடிவில், பாண்டாவின் தலைமேல் கோடே இல்லை. காதும் கண்ணும் கரிய திட்டுகளாய் நிற்க, எஞ்சிய உருவைக் காண்பவர் கண்ணே நிரப்பிக் கொள்கின்றது.

அமெரிக்க நாட்டுத் தேசியப் பூங்காத் துறை 1951ஆம் ஆண்டில் ஏற்ற சின்னம் வேறு வகையினது. அம்பு முனை வடிவினுள் பெருமரம், காட்டெருமை, மலை, நீர் எல்லாம் அடங்கியுள்ளன. பெரிய பலகையில் அஃது அழகே. சிறிய முத்திரையில் எருமை புள்ளியாகிவிடும்.

சூலூர்க் குளங்களைக் காக்கும் நோக்குடன் ஒரு சின்னம் வரைய எவரேனும் முற்பட்டால், அவர் கண்ணை முதலில் கவர்வது ஊதா நிறத்து ஆகாயத்தாமரை மலராக இருக்கலாம். அதனை வரைதல் பெரும் பிழையாகும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி நீர்ப்பரப்பை மூடி, ஒளியையும் காற்றையும் தடுத்து, உள்ளிருக்கும் உயிர்களை வாட்டுவது. அதனைச் சின்னமாக்குவது, பயிரைக் காக்கும் சங்கம் களையைக் கொடியில் பொறிப்பதை ஒக்கும். மயிலை வரையலாமே எனின், கொங்கு நாட்டு வயல்களெங்கும் மயில் உண்டு. ஆயினும் அது குளத்தைப் பற்றி ஒன்றும் கூறாது.

நாமக்கோழியோ நீரிலேயே வாழும் பறவை. உடல் முழுதும் கருமை. அலகும் நெற்றியும் பளிச்சிடும் வெண்மை. நெற்றியில் நாமம் இட்டாற்போல் தோன்றுவதால் வந்த பெயர் அது. பாண்டாவைப் போலவே இதற்கும் ஒரு மை போதும். கரியும் சுண்ணாம்பும் கிடைத்தால் ஊர்ச் சுவரிலும் தீட்டலாம். அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கினாலும் வெள்ளை நெற்றி மறையாது. இதனினும் சிறந்த காரணம் ஒன்றுண்டு. நாமக்கோழி நின்ற இடத்திலிருந்து எழும்ப மாட்டாது. நீரின்மேல் கால் பதித்து, சிறகடித்து, நெடுந்தொலைவு ஓடியே வானில் ஏறும். அவ்வோட்டத்திற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகாயத்தாமரை கரையோடு கரை அடைத்த குளத்தில் அது கிட்டாது.