பெண்ணுறுப்பில் கடியும் எரிவும்: சொல்லத் தயங்க வேண்டாம்

கிணறு, கூரைத்தகடு, நிவாரணப் பொதி பற்றியெல்லாம் எங்களுடன் உரத்துப் பேசும் பெண்கள், பெண்ணுறுப்பில் கடி, எரிவு என்பதை மட்டும் நாங்கள் புறப்படும் நேரத்தில் படலையடியில் வைத்துத்தான் சொல்கிறார்கள். சிலர் மாதக்கணக்காகப் பொறுத்திருந்தவர்கள். இது வெட்கப்பட வேண்டிய நோயல்ல. அசுத்தமாக இருப்பதால்தான் வருகிறது என்பதும் சரியல்ல.

உண்மையில், அளவுக்கு மீறிக் கழுவுவதே பலருக்குக் கடியைக் கூட்டுகிறது. வாசனைச் சவர்க்காரமும் கிருமிநாசினியும் அந்த மெல்லிய தோலை எரிக்கும். யோனி தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். உள்ளே கழுவ வேண்டாம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். முகாமில் மறைப்பில்லாமல் குளித்த பழக்கத்தில் இன்றும் பலர் குறுக்குக்கட்டுடன் குளித்து, ஈரத்துடனேயே வேலை பார்க்கிறீர்கள். கிணற்றடியில் ஒரு கிடுகு மறைப்புக் கட்டி, அங்கேயே உடை மாற்றுங்கள். உள்ளாடையையும் மாதவிடாய்த் துணியையும் வேறு உடுப்புக்குள் ஒளித்துக் காயவிடாமல் வெயிலில் போடுங்கள்.

தயிர்போலத் தடித்த வெள்ளைபடுதலும் கடுமையான கடியும் இருந்தால் அது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. கர்ப்பகாலத்திலும், அன்ரிபயோட்டிக் எடுத்த பின்னரும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். குளோட்ரிமசோல் கிறீமும் உள்ளே வைக்கும் மாத்திரையும் இதற்கு மருந்து. திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைப் பரிசோதியுங்கள். மீன் நாற்றத்துடன் நீர்த்துப் போனால் காரணம் பக்டீரியா, மருந்தும் வேறு. மஞ்சள் பச்சையாக நுரைத்துப் போனால் பாலியல் தொற்றாக இருக்கலாம். கணவரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் அது திரும்ப வரும். இரவில் கடி கூடி, விரலிடுக்கிலும் பிள்ளைகளிலும் இருந்தால் சிரங்கு. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரேநேரத்தில் மருந்து பூச வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு வரட்சியாலும் எரியும்.

ஆகவே அயல்வீட்டுக் கிறீமைக் கடன்வாங்கிப் பூச வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்தது கடியை அடக்கிவிட்டுப் பங்கசைப் பரவவிடும்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கிலும் காட்டலாம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கத் தயங்காதீர்கள். கொப்புளம், புண், காய்ச்சலுடன் கீழ்வயிற்று வலி, மாதவிடாய் நின்றபின் இரத்தம் என்றால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் உடனே காட்டுங்கள்.

தோல் வெளிறித் தடித்து, கடி மாறாமலே இருப்பது வயதானவர்களில் உண்டு. அரிதாக அது புற்றுநோயாகவும் மாறும். வீட்டில் அம்மம்மா, அப்பம்மா இருந்தால் நீங்களே கேட்டுப் பாருங்கள். அவர்கள்தான் கடைசியாகச் சொல்கிறவர்கள்.