இருப்பதை முதலில் எண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்துப் பக்கம் இருக்கிற உங்கள் தாத்தா வீட்டைப் பழைய பொருள்களைக் கொண்டே புதுப்பிக்கப் போவதாக எழுதியிருந்தாய். காரைக்குடியில் தூண்களும் ஒரு நிலைக்கதவும் பார்த்து வைத்திருக்கிறாயாம். முன்பணம் கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அந்தக் கடைத்தெருவில் சாய்த்து வைத்திருக்கும் பர்மா தேக்கைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்தத் தூண் அங்கே வந்து சேர்ந்த கதையைக் கேட்டுப் பார். பெரும்பாலும் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிரித்து விற்ற வீடாக இருக்கும். அப்படி வந்ததை வாங்குவது பாவமில்லை. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இடிந்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடிப் பிடித்துத் தான் கட்டும் வீடுகளில் பொருத்தியவர். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நீ பார்த்திருக்கும் செட்டிநாட்டு வீடும் பிரித்துக் கொண்டுவந்து சேர்த்ததுதான். உங்கள் வீட்டுக்கு அந்தத் தூண் தேவையா என்பதே என் கேள்வி. தாத்தா கட்டிய தாழ்வாரத்தைத் தாங்க அவர் வைத்த மரமே போதும். கனத்த தூணைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது அலங்காரம். போட்டோவில் நன்றாக இருக்கும். உனக்குக் கிடைத்திருக்கும் பழைய பொருள் அந்த வீடேதான். அதில் இருப்பதை எண்ணி, கெட்டதைப் பிரித்து, குறைவதை மட்டும் வெளியே தேடு.

எண்ணி முடிக்கும்வரை இடிப்புக் காண்ட்ராக்டர் யாரையும் வாசலுக்கு விடாதே. 'நீங்கள் பணமே தர வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்' என்பார்கள். உன் சித்தப்பாக்களுக்கு அது லாபமாகத் தெரியும். போகிற மரத்தின் விலை என்ன என்று அவர்களுக்கு எழுதிக் காட்டு. பிரிக்கிற வேலையைத் தினக்கூலிக்கே கொடு. சதுர அடிக் கணக்கில் விட்டால் கடப்பாரைதான் பேசும். கூலியாள் என்றால் ஓட்டை ஓடாக இறக்குவார். உத்திரம், கைமரம், ரீப்பர் ஒவ்வொன்றிலும் எண் போட்டு, எந்த எண் எங்கே இருந்தது என்று ஒரு வரைபடமும் வைத்துக்கொள்.

ஓட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சீமை ஓடு எல்லாம் ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் பள்ளமும் மேடும் கொஞ்சம் மாறும். பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எத்தனையோ கம்பெனிகள் முளைத்துவிட்டன. ஓட்டில் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள ஓடாகத் தேடு. கிடைக்கவில்லையென்றால் ஒரு பக்கச் சரிவு முழுவதும் ஒரு கம்பெனி ஓடு, மறுபக்கம் வேறு என்று பிரித்துப் போடு. ஒரே சரிவில் கலந்தால் ஐப்பசி அடைமழையில் ஒழுகும். முற்றத்துக் கூடுவாய்த் தகட்டை மட்டும் புதிதாகவே போட்டுவிடு. அதில் சிக்கனம் வேண்டாம்.

சுவரைப் பற்றித்தான் உனக்கு நிறைய சொல்ல வேண்டும். சுண்ணாம்பில் கட்டிய சுவரின் கீழ்ப்பகுதியில் மூன்றடிக்கு எப்போதோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்றும், அதற்கு மேலே பூச்சு பொரிந்து உதிர்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஓதம் தரையிலிருந்து ஏறுகிறது. முன்பு அது சுண்ணாம்புப் பூச்சின் வழியே காய்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும், வழி தேடி மேலே ஏறிவிட்டது. ஈரம் காயும் இடத்தில் உப்பு படிந்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. நீர் புகாத பெயிண்ட் அடித்தால் ஓதம் இன்னும் இரண்டடி மேலே போகும், அவ்வளவுதான். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடையாவது சுவரைச் சும்மா காயவிடு. வீட்டைச் சுற்றி மண் ஏறி மேடாகியிருந்தால் வெட்டித் தாழ்த்து. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் ஒரு வாய்க்கால் எடுத்துவிடு. பிறகு சுண்ணாம்பு.

அதில் கடுக்காயும் பனைவெல்லமும் முட்டையும் சேர்த்தால் அதிசயம் நடக்கும் என்று எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். அவை உதவும்தான். ஆனால் நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊறாமலும், கலவை நன்றாக அரைபடாமலும் இருந்தால் எந்தக் கடுக்காயும் காப்பாற்றாது. மெல்லிசாகப் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் வைக்கவேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும், அவசரப்படுத்த முடியாது. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் இதைப் பெரியவர்களிடம் சொல்லிவிடு. இன்னும் ஒன்று: சுண்ணாம்புச் சூளையும் புகை கக்குவதுதான். 'நம் வீட்டில் பசுமைச் சுண்ணாம்பு' என்று பெருமை பேசாதே. சிமென்டைவிட அந்தச் சுவருக்கு அது பொருந்துகிறது, அந்தக் காரணமே போதும்.

பழையது என்பதற்காகவே வைத்துக்கொள்ளக் கூடாதவையும் இருக்கின்றன. கொல்லைப்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை வேறெங்கும் திரும்பப் போடாதே. அறுக்காமல், உடைக்காமல், நனைத்து முழுசாக இறக்கு. கதவுகளில் அடுக்கடுக்காக இருக்கிற எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் அடக்கும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்தபடி தேய்க்காதே, தீயில் வாட்டாதே. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதே. வயரிங்கையும் முழுக்கப் புதிதாகவே போடு.

மரத்தில், சுவருக்குள் செருகியிருக்கும் முனையைத்தான் முதலில் தட்டிப் பார்க்கவேண்டும். கரையானும் ஈரமும் அங்கேதான். முனை மட்டும் போயிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்கிற ஆசாரியை விட்டுவிட்டு, கெட்டதை வெட்டிப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடத் தெரிந்தவரைத் தேடு. கூலி அதிகம் கேட்பார், கொடு. இந்த மாதிரி வேலையில் பொருளில் மிச்சமாவதெல்லாம் கூலியில் போகும். அது சரியான இடத்துக்குத்தான் போகிறது. எஸ்டிமேட்டில் இதை மறைக்காமல் போடு. காரைக்குடித் தூணுக்கு ஒதுக்கிய தொகையை ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் மாற்றி எழுதி எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு போன் செய்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்