அரசு டெண்டருக்குச் சிறுதொழில் அறிமுகக் குறிப்பு

அரசு டெண்டருடன் இணைக்கும் நிறுவன அறிமுகக் குறிப்பு இரண்டு பக்கத்துக்குள் அடங்குவது நல்லது. உத்யம், ஜிஎஸ்டி, பான் எண்கள் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது முன்அனுபவப் பகுதியில்தான். ‘பல பள்ளிகளுக்கு மேசை, பெஞ்சு செய்து கொடுத்திருக்கிறோம்’ என்ற வரி எதையும் நிரூபிக்காது. வாங்கிய துறை, பர்சேஸ் ஆர்டர் எண், தேதி, தொகை ஆகியவற்றை ஒரே வரிசையில் எழுதி, பணி நிறைவுச் சான்றிதழின் நகலையும் சேர்க்க வேண்டும். பாராட்டுக் கடிதங்கள் அதற்கு ஈடாகா. பொருளின் அளவும் தரமும் டெண்டரில் கேட்டுள்ள சொற்களிலேயே இருக்கட்டும்.

மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை, திருத்தத்துக்குப் பின், ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. அதில் 3 சதவீதம் பெண் தொழில்முனைவோருக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஈஎம்டி (முன்வைப்பு) தொகையிலும் விலக்கு உண்டு. அதைக் கோர உத்யம் சான்றிதழை இணைப்பது அவசியம்.