பகலில் மருந்து, ராத்திரியில் காலண்டர்

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

பகல் முழுக்க ஃபயர் ஆபீசில் பட்டாசு மருந்து கலக்கிவிட்டு, ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து ராத்திரியில் அச்சகத்துக்கும் போகிறாயாமே. அக்கா சொன்னாள். கார்த்திகை வரைக்கும்தானே, சமாளித்துக்கொள்வேன் என்றாயாம். வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஏற்பாடு சரியில்லை.

பொழுது சாய்ந்தால் மருந்தைத் தொடக் கூடாது என்பது நம் தொழிலில் விதி. கலந்த மருந்தையும் அன்றன்றைக்கே செலுத்தித் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால், அலுமினியப் பவுடரில் ஈரம் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சூடேறும். காலையில் போய்த் தொட்டவன் கதி என்ன என்று உனக்கே தெரியும். உடம்பின் அசதியும் அப்படி மிச்சம் வைத்த மருந்துதான். நீ தீர்க்காமல் விட்டால் மறுநாள் கலவை அறைக்குள் உன்னோடு வரும்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரே மூச்சாக 17 மணி நேரம் விழித்திருப்பவனுக்குக் கையும் கவனமும், 50 மில்லிகிராம் ஏறியவனுக்கு இருப்பதுபோல் மந்தமாகிவிடுவதை ஆஸ்திரேலியாவில் 1997-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். விடிகாலை ஐந்துக்கு எழுகிற நீ ராத்திரி பத்துக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறாய். அதற்கு மேல்தான் மெஷினில் நிற்கிறாய்! குடித்துவிட்டு வருகிறவனை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவார். தூங்காதவனை எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

மத்தியானம் மரத்தடியில் கண்ணசந்தால் கொஞ்சம் தெளிவு வரும், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரித் தூக்கத்துக்கு அது ஈடாகாது. படுத்த முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கொள்ள அது வேண்டும். ஒரு வாரத்துத் தூக்கக் கடனை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அடைக்கவும் முடியாது.

உங்கம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்னே கிராமத்துக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அவளும் பாதித் தூக்கத்தில்தான் ஏறுவாள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1996-ல் சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளுக்கென்று அப்படிப் பாடுபட்டு மீட்ட தூக்கத்தை, விவரம் தெரிந்த நீயே விற்கிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். தகரக் கூரை வெக்கையில் கிடக்காமல் பக்கத்து மாடியில் பாயை விரி. செல்போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குள் படு.

திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டேன் என்று அச்சகத்தில் சொல்லிவிடு. வாங்கிய அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு என்று எழுது, நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாமா