எடை இறங்குகிறது, தைராய்டு மாத்திரையை என்ன செய்வது?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்கு வரும் பெண்களில் பலருடைய கைப்பையில் ஒரு சின்ன மாத்திரை புட்டி இருக்கும். தைராய்டு மாத்திரை. வீட்டில் போட மறந்தவர்கள் டீக்கடை வாசலில் நின்று, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, சூடான பால் டீயோடு விழுங்கிவிட்டு உள்ளே ஓடுவார்கள். அந்த ஒரு வாய் டீயில்தான் நான் சொல்ல வந்த விஷயத்தில் பாதி இருக்கிறது.

சென்னை உள்பட எட்டு பெருநகரங்களில் நடத்தி, 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் உடல் பருமனும் சேர்ந்தவர்கள் சிலர், எடைக் குறைப்பு ஆபரேஷன் வரை போகிறார்கள். திருவள்ளூர்ப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்த்தான் அதைச் செய்துகொள்கிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் தையலையும் எடையையும் பார்க்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்த உள்ளூர் டாக்டருக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாமல் போகலாம். நடுவில் நிற்பவர் நோயாளி மட்டும்தான். மூன்று மாதத்தில் இருபது கிலோ இறங்கியதும் அவர் கேட்கிற கேள்வி: "எடை குறைஞ்சிடுச்சே, 100 பவர் (மைக்ரோகிராம்) மாத்திரையை 75 ஆக்கிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எடையைப் பார்த்து நாமே குறைத்துக்கொள்வது. டாக்டர் கணக்குப் போட்டு முன்கூட்டியே குறைப்பது. அதே அளவைத் தொடர்ந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் பார்த்து மாற்றுவது. பெரும்பாலோருக்கு மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு.

முதல் வழி கணக்காகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். தைராய்டு சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் மாத்திரை தேவை என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 120 கிலோ என்றால் 192. எண்பது கிலோவுக்கு வந்தால் 128. ஆனால் மாத்திரையை அதிகம் செலவழிப்பது தசையும் உள்ளுறுப்புகளும், கொழுப்பு அல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு கரைவதில் பெரும்பகுதி கொழுப்பு. ஆகவே எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மாத்திரையும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. எடை மெஷின் காட்டும் எண்ணில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது தெரியாது.

இன்னொன்று, எல்லோருடைய தைராய்டு பிரச்சினையும் ஒன்றல்ல. பருமனாலேயே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) லேசாக ஏறி, அதற்காக 25 மைக்ரோகிராம் தொடங்கியவர்கள் உண்டு. எடை இறங்கும்போது அந்த ஏற்றமும் தணியலாம். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம். சுரப்பி பாதி வேலை செய்கிறவருக்கு நடுத்தரமான மாற்றம் வரும். கட்டிக்காகவோ புற்றுநோய்க்காகவோ சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு ஆயுள் முழுதும் மாத்திரைதான் சுரப்பி. அவர் நிறுத்துவது பற்றி யோசிக்கவே கூடாது. இந்த மூவரும் ஒரே மருந்துக்கடையில் ஒரே புட்டியைத்தான் வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா குறைத்துக்கொண்டது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது வழி டாக்டரின் கையில் இருக்கிறது. இதயப் படபடப்பு உள்ளவர், வயதானவர், உயர்ந்த அளவு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு அவர் ஆறு வாரம் காத்திருக்காமல் முன்னதாகவே ரத்தம் பார்க்கச் சொல்லலாம், அளவையும் குறைக்கலாம். மாத்திரை மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம் உடலில் சேர்வது ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால் எலும்புக்கு இது இரட்டை அடி.

மூன்றாவது வழியில் ஏன் ஆறு வாரம்? இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் ரத்தத்தில் அது நிலைப்பட ஐந்தாறு வாரம் பிடிக்கும். பத்தே நாளில் சோதனை செய்து, "ஒன்றும் மாறவில்லையே" என்று மறுபடி மாற்றுவது வீண் வேலை. எடை வேகமாக இறங்கும் முதல் ஆண்டில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை நிலைத்தபின் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மாற்றம் தேவைப்பட்டால் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் படியாக வரும். நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை இவை சேர்ந்து வந்தால் மட்டும் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஸ்லீவா, பைபாஸா?

எடைக் குறைப்பு ஆபரேஷன் வகைகளில் ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து ஒரு குழாய்போல ஆக்குகிறார்கள், குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகிறது. தைராய்டு மாத்திரை முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் நடுவிலும் கீழேயும் என்பதால் பைபாஸ் செய்தவர்களுக்கும் பெரும்பாலும் தேவை குறையவே செய்கிறது. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் உறிஞ்சல் கெட்டு, எடை இறங்கும்போதே மாத்திரையை ஏற்ற வேண்டி வருகிறது. "எடை குறைந்தால் மாத்திரையும் குறையும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு அவர்களே சான்று.

மாத்திரை கரைய இரைப்பை அமிலமும் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் கொடுக்கும் பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை அதைக் குறைக்கிறது. பிறகு அந்த அமில மாத்திரையை நிறுத்தும்போது தைராய்டு மாத்திரை நன்றாக உறிஞ்சப்பட்டு, அதே 100 மைக்ரோகிராம் திடீரென்று அதிகமாகிவிடக்கூடும். அமில மாத்திரையை நிறுத்திய தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பவரை மாற்றுவதற்கு முன் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் உடனே மாத்திரையைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். மாத்திரை உள்ளே போகும் நேரத்தை முதலில் பாருங்கள். பாலும் டீயும் காபியும் அதன் உறிஞ்சலைத் தடுக்கும். ஆபரேஷன் ஆனவர் தினமும் சாப்பிட வேண்டிய கால்சியம், இரும்புச்சத்து, மல்டிவைட்டமின் மாத்திரைகள் எல்லாமே அதைக் கட்டிப்போடுபவை. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி, புரத பவுடர் கலந்த பால் இரண்டையும் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். காலை ஆறுக்குத் தைராய்டு, பத்து மணி டீ பிரேக்குக்குப் பிறகு கால்சியம், மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரம் கழித்து இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். கால்சியமும் இரும்பும்கூட ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு என்ன வழி? "காலை ஆறு மணி" என்று மருந்துச் சீட்டில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, நைட் ஷிப்ட் முடிந்து கேன்டீனில் டிபன் சாப்பிட்ட கையோடு மாத்திரையையும் போடுவதால் பயனில்லை. முன்னே சொன்னபடி மருந்து உடலில் நாள்கணக்கில் தங்குவது. நான்கைந்து மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது. வயிறு காலியாக இருப்பதே முக்கியம். ஆகவே கடிகாரத்தோடு கட்டாமல் தூக்கத்தோடு கட்டுங்கள். எந்த நேரத்தில் தூங்கி எழுந்தாலும் எழுந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு மாத்திரை; அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இரண்டில் எது உங்களால் தினமும் முடியுமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்; வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள்.

புட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்த மருந்து சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. நம் மாவட்டத்தில் திருத்தணி கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். டூவீலர் பெட்டியிலும் அடுப்பு மேடையிலும் வைத்த மாத்திரையின் வீரியம் குறையும். கம்பெனியை, அதாவது பிராண்டை, மாற்றினாலும் ஆறு வாரத்தில் ரத்தம் பாருங்கள்.

முடி கொட்டுகிறதே!

ஆபரேஷனுக்கு மூன்று நான்கு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். சோர்வும் குளிரும் கூட வரும். தைராய்டு குறைந்தாலும் இதேதான் வரும். அறிகுறியை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது என்பதற்கு இது போதும். முடிக்காகப் பலரும் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இன்னொரு குழப்பத்தைச் செய்கிறது: சில லேபுகளின் சோதனை முறையில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டர் மாத்திரை அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுவார். உண்மையில் அது சரியான அளவாகவே இருந்திருக்கும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தி, சாப்பிட்டதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அன்று காலைத் தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்தபின் போடுவது நல்லது.

ஆபரேஷனுக்குப் பின் ஒன்று, ஒன்றரை ஆண்டு கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். மீறிக் கருவுற்றால் மாத்திரையைக் குறைக்கும் பேச்சே கிடையாது. பெரும்பாலும் உடனே கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போன அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அதன் டிஸ்பென்சரியில் தைராய்டு சோதனைக்குக் கேளுங்கள். மற்றவர்களுக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. எங்கே போனாலும் தைராய்டு புட்டி, கால்சியம் அட்டை, இரும்பு, பயோட்டின், அமில மாத்திரை என எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலையும், எடையை மாதாமாதம் எழுதிய தாளையும் உடன் வையுங்கள். அந்தப் பையை மேஜையில் கொட்டிவிட்டு, "எதை எந்த நேரத்தில் போடட்டும்?" என்று முதலில் கேளுங்கள், பவரைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள்.