படம்: இணையம்

அன்புள்ள மருமகன் கதிருக்கு, மாமாவின் ஆசிகள்.

நம் வட்டாரத்துக் கோயில்கள், ஏரிகள், திருவிழாக்கள் பற்றி நீ நடத்தும் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தவறாமல் பார்க்கிறேன். எழுத்து உன்னுடையது, நன்றாகவும் இருக்கிறது. படங்களில் பாதிக்கு மேல் உன்னுடையவை அல்ல. அவற்றின் கீழே சின்ன எழுத்தில் ‘படம்: இணையம்’ என்று போட்டுவிடுகிறாய். இணையம் என்ற பெயரில் புகைப்படக்காரர் யாரும் இல்லை. வெயிலில் நின்று, வெளிச்சத்துக்குக் காத்திருந்து யாரோ ஒருவர் எடுத்த படம் அது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. சட்டமும் வரும், ஆனால் அது இரண்டாவதுதான்.

“பொதுவில்தானே போட்டிருக்கிறார்?” என்பாய். எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். மதிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் செம்பருத்தியை விடிகாலையில் பறித்துப் போகிறவர்களும் ‘தெருப் பக்கம்தானே பூத்திருக்கிறது, அதுவும் சாமிக்குத்தானே’ என்றுதான் சொல்கிறார்கள். பார்க்கக் கொடுப்பது வேறு, எடுத்துப் போகக் கொடுப்பது வேறு. தன் பக்கத்தில் ஒரு படத்தைப் போடுகிறவர், அது யார் பெயரில், எந்த வரிகளோடு பார்க்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார். வேண்டாமென்று தோன்றினால் நாளைக்கு எடுத்துவிடலாம் என்ற தைரியமும் அவருக்கு உண்டு. நீ அதைத் தரவிறக்கி உன் பக்கத்தில் ஏற்றியதும் இவ்வளவும் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால், பகிர்வுப் பொத்தானை அழுத்துவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி ஏற்றுவதையும் ஒன்றாக நினைக்காதே. பொத்தானை அழுத்தினால் படம் அவர் பக்கத்திலேயே இருக்கும், பெயரும் கூடவே வரும், அவர் நீக்கினால் உன்னிடமும் மறையும். ஸ்கிரீன்ஷாட்டில் இது எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலோ, கேமரா உள்ளே பதிந்து வைத்த தேதி, இடக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். மூன்றாவது கைக்குப் போகும்போது அது அநாதைப் படம்.

அநாதைப் படத்துக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு வியட்நாமியப் படம் சாட்சி. 2007-இல் ஹா ஜாங் மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் நா சன் நுயென் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. பெற்றோர் வயலுக்குப் போயிருக்க, வீட்டு வாசலில் இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புது ஆளைக் கண்டு சின்னப் பெண் அழ, அண்ணன் அவளை அணைத்துக்கொண்டான். நடந்தது அவ்வளவுதான். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது, இடிபாடுகளுக்கு நடுவே தங்கையைக் காக்கும் நேபாளச் சிறுவன் என்று அந்தப் படம் உலகெங்கும் சுற்றியது. அதை வைத்து நன்கொடைகூடக் கேட்டார்கள். அதற்கு முன்பே பர்மிய அநாதைகள், சிரியப் போரில் சிக்கியவர்கள் என்றெல்லாம் அந்தக் குழந்தைகளுக்கு வேறு வேறு ஊர் சூட்டப்பட்டிருந்தது. எடுத்தவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தும் பெரிதாகப் பலனில்லை. அனுப்பிய ஒவ்வொருவரும் கண்கலங்கித்தான் அனுப்பியிருப்பார்கள். ‘நல்ல எண்ணத்தோடுதானே போடுகிறேன்’ என்று நீ சொல்லக்கூடியதற்கு என் பதில் இதுதான். எண்ணம் படத்தோடு போவதில்லை. பெயரும் விவரமும் போகும், அதுவும் நீ அறுக்காமல் விட்டால்தான்.

பணம் சம்பாதிக்காதவரை தப்பில்லை என்பதும் பாதி உண்மைதான். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பூமி அதிர்ந்தபோது, டேனியல் மோரல் என்ற அந்நாட்டுப் புகைப்படக்காரர் தாம் எடுத்த படங்களைத் தம் ட்விட்டர் கணக்கு வழியாக வெளியிட்டார். பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் அவற்றை எடுத்துத் தன்னுடையவை என்று போட்டுக்கொண்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்து, கெட்டி என்ற பட நிறுவனத்தின் வழியாக உலகப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது, வேறொருவர் பெயரில். ட்விட்டரின் விதிமுறையே பகிர இடம் தருகிறது என்ற ஏஎஃப்பியின் வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் இரு நிறுவனங்களும் மோரலுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. லாபம் பார்த்தது பெரிய நிறுவனங்கள்தான். ஆனால் அவற்றுக்கு வழி திறந்தது, தனி ஆள் ஒருவர் பெயரை மாற்றிப் போட்ட அந்தப் பதிவு.

நம் சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். உரிமை பெற அவர் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் காலம் முடிந்து மேலும் 60 ஆண்டு நிற்கும். (கல்யாண வீட்டார் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டாருக்கே சொந்தம். இது ஒரு விலக்கு.) உரிமையை விற்றுவிட்டாலும் ‘இது நான் எடுத்தது’ என்று சொல்லிக்கொள்வதை 57-ஆம் பிரிவு காக்கிறது. நடப்புச் செய்தி, விமர்சனம் போன்றவற்றுக்கு 52-ஆம் பிரிவு நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. அந்த நியாயத்தை உன் தேர்த் திருவிழாப் படத்துக்கு இழுக்காதே.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படத்தில் இருக்கிற ஆள். போன மாதம் நீ போட்ட தீமிதித் திருவிழாப் படத்தில், தலைவிரி கோலமாக அருள் வந்து ஆடும் பெண்ணின் முகம் அவ்வளவு கிட்டத்தில் தெரிகிறது. தன் ஊர் ஜனத்துக்கு நடுவே, தன் தெய்வத்தின் முன்னால் அவள் ஆடினாள். உன் பக்கத்தில் அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்திருக்கின்றன. படம் எடுத்தவர் சம்மதித்தாலும் அவளுக்காகச் சம்மதிக்க அவரால் ஆகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும், கூடப் பிறந்தவள் அந்த இடத்தில் இருந்தால் போடுவாயா என்று உன்னையே கேட்டுக்கொண்டால் விடை தெரிந்துவிடும். குழந்தைகள் படத்துக்கும், விபத்தில் அடிபட்டவர்கள் படத்துக்கும் இதையே இரண்டு மடங்காக வைத்துக்கொள்.

“யார் எடுத்தது என்றே தெரியவில்லையே, என்ன செய்ய?” என்றால், முதலில் தேடு. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் பல நேரம் முதலில் வெளியான இடம் சிக்கிவிடும். கிடைத்தால் இரண்டு வரி எழுது: எந்தப் படம், எங்கே, எதற்காகப் போடப் போகிறேன், உங்கள் பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் சரி என்றே பதில் வரும். ‘நன்றி’ என்று நீயாகப் போட்டுக்கொள்வது மரியாதைதான், ஆனால் அது அனுமதி ஆகாது. பதில் வராதது சம்மதமும் ஆகாது. ஆளே கிடைக்காவிட்டால் அந்தப் படம் உனக்கு இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் தமிழ்நாட்டுக் கோயில் படங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. எடுத்தவரே உரிமத்தோடு கொடுத்தவை; அவர் பெயரையும் உரிமத்தையும் போட்டால் போதும். அதுவும் வேண்டாமென்றால் கையில் போன் இருக்கிறது, ஏரி பக்கத்தில் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ‘படம்: இணையம்’ என்று இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார். உரியவரைக் கண்டுபிடிக்க முடிந்தவற்றுக்கு எழுதிக் கேள், முடியாதவற்றை நீக்கிவிடு. அந்தப் பெண்ணின் படத்தை மட்டும் ஞாயிறு வரை வைத்திருக்காதே, இன்றைக்கே எடுத்துவிடு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா